ஓவியர் மோனேயும் இலையுதிர்காலத் தோட்டமும்

பிரெஞ்சு நாட்டின் தலைநகராகிய பாரிஸ் மாநகருக்கு அண்மையில், சீன் ஆற்றின் கரையில் அர்ஜான்தெய் என்னும் ஊர் உள்ளது. 1873-ஆம் ஆண்டில் அவ்வூரிலிருந்த வாடகை வீடொன்றின் தோட்டத்தில் டேலியாச் செடிகள் அடர்ந்து வளர்ந்து, கோடையின் முடிவிலும் இலையுதிர்காலத்தின் தொடக்கத்திலும் பூத்துக் குலுங்கின. நண்பர் இருவர் அத்தோட்டத்தை ஓவியமாக எழுதினர். ஒருவர் அவ்வீட்டில் குடியிருந்த கிளாட் மோனே. மற்றவர் அவரைக் காணவந்த ஒகுஸ்த் ரெனுவார். ரெனுவார் தீட்டிய படத்தில், வேலியோரம் நின்று மோனே படம் எழுதிக்கொண்டிருக்கிறார். வேலிக்கு அப்பால் அண்டை வீடுகள் ஒன்றையொன்று நெருக்கி நிற்கின்றன. மோனே தீட்டிய படத்திலோ அந்நெருக்கம் காணப்படவில்லை. முன்புறத்தில் மலர்த்திரள், பின்னே மரங்களுக்கிடையே ஒரு வீடு, மேலே முகில் பரந்த வானம், ஓரத்தில் உலவும் இருவரின் சிற்றுருவங்கள். அவ்வளவே. அப்படத்தைக் காண்பவர், அது நகரின் ஆரவாரத்திற்கு நெடுந்தொலைவிலுள்ள ஒரு நாட்டுப்புறத் தோட்டம் என்றே எண்ணுவர்.

அங்ஙனமாயின் ரெனுவார் உள்ளதை எழுதினார், மோனே இல்லதை எழுதினார் என்று கூறலாமோ? கூறுதல் பொருந்தாது. தோட்டத்தில் நின்ற மோனேயின் நெஞ்சில் ஓர் அமைதி நிறைந்திருந்தது. அவ்வமைதியைக் குலைக்கும் பொருள்களை அவர் விலக்கினார். அதனை வளர்க்கும் பொருள்களை மட்டும் ஏற்றார். ஒரு காட்சியில் எவற்றைக் கொள்வது, எவற்றைத் தள்ளுவது என்று துணியும் இடத்திலேயே ஓவியனுடைய கலை தொடங்கிவிடுகிறது. வண்ணமும் தூரிகையும் அதன் பின்னரே வருகின்றன.

மோனே 1840-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 14-ஆம் நாள் பாரிஸ் நகரில் பிறந்தார். அவருக்கு ஐந்து வயதாகும்போது பெற்றோர், கடற்கரைத் துறைமுகமாகிய லெ ஆவ்ர் நகரிற் குடியேறினர். பள்ளியின் நான்கு சுவர்களுக்குள் அடங்கியிருக்க அச்சிறுவனுக்கு மனம் வரவில்லை. பாடநூல்களின் ஓரங்களில் ஆசிரியர்களைக் கேலிச்சித்திரமாக வரைவதே அவனுக்கு விருப்பமான தொழிலாயிற்று. பதினைந்து வயதுக்குள் அவன் வரைந்த கேலிச்சித்திரங்கள் விலைபோகத் தொடங்கின. ஊரிலுள்ள பெரியமனிதர்கள் தங்கள் மூக்கு நீண்டும் தலை பருத்தும் தோன்றும் படங்களைப் பணம் கொடுத்தே வாங்கிச் சென்றனர்!

இவ்வெளிய புகழில் மயங்கியிருந்த இளைஞரை நல்வழிப்படுத்தியவர் ஒழேன் பூதேன் என்னும் ஓவியர். பூதேன் தம் கருவிகளைச் சுமந்துகொண்டு கடற்கரைக்குச் சென்று, வானத்தையும் நீரையும் நேரிற் கண்டு தீட்டும் வழக்கமுடையவர். அக்காலத்து ஓவியர் பெரும்பாலோர் வெளியிடங்களிற் சிறு குறிப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு, முழுப்படத்தையும் அறைக்குள் அமர்ந்தே முடிப்பர். பூதேனுடன் சென்ற முதல் நாட்களிலேயே மோனேயின் கண் திறந்தது. தாம் ஓவியராவதற்கே பிறந்தவர் என்பதை அவர் அன்று உணர்ந்தார்.

1859-இல் மோனே பாரிஸ் சென்றார். 1861-இல் படைப்பணிக்காக ஆப்பிரிக்காவிலுள்ள அல்ஜீரியாவுக்கு அனுப்பப்பட்டார். நோயுற்று மறு ஆண்டு திரும்பினார். பின்பு கிளேர் என்பவரின் ஓவியச் சாலையிற் சேர்ந்து ரெனுவார், சிஸ்லே, பசீல் ஆகியோரின் நட்பைப் பெற்றார். நால்வருள் ரெனுவார் தவிர ஏனையோர் வறிய குடும்பத்தினர் அல்லர். எனினும் மோனேயின் தந்தை மகனது போக்கை விரும்பாமையால் அவருக்கு வரும் பொருளுதவி அடிக்கடி நின்றது. நண்பர்களின் கைப்பொருளே பல நாள் அவரைக் காத்தது.

1866-இல் அவர் தொடங்கிய ஒரு படம் தோட்டத்தையே பொருளாகக் கொண்டது. ‘தோட்டத்திற் பெண்கள்’ என்பது அதன் பெயர். அதன் உயரம் 255 சென்டிமீட்டர். மனிதனின் தலைக்கு மேல் நீளும் கித்தான். அதனை வெயிலில் வைத்தே தீட்டுவது என்று மோனே உறுதி கொண்டார். மேற்பகுதிக்குக் கை எட்ட வேண்டுமே! ஏணியில் ஏறினால் பார்வைக் கோணம் மாறிவிடும் என்று கருதிய அவர், நிலத்தில் ஒரு பள்ளம் வெட்டிக் கித்தானை அதற்குள் இறக்கி ஏற்றினார். அப்படத்தில் வெள்ளாடையின் மேல் விழும் மரநிழல் கறுப்பாக இல்லை. நீலமாகவும் ஊதாவாகவும் உள்ளது. வெயிலில் நிழலை உற்றுநோக்கினால் அது முழுக் கறுப்பன்று என்பதும், வானத்தின் நீலம் அதிற் கலந்திருக்கும் என்பதும் புலனாகும். 1867-இல் அரசின் ஓவியக் கண்காட்சியாகிய சலோனின் நடுவர்கள் அப்படத்தை ஏற்க மறுத்தனர். நண்பர் பசீல் அதனை 2,500 பிராங்குக்கு விலை பேசித் தவணையாகப் பணம் தந்து உதவினார். அதே படத்தைப் பிரெஞ்சு அரசு 1921-இல் 200,000 பிராங்கு கொடுத்து வாங்கியது என்பதையும் இங்கே கூறிவைக்கலாம். பசீல் அதனைக் காண உயிருடன் இல்லை. 1870-இல் மூண்ட பிரெஞ்சு-பிரஷ்யப் போரில் அவர் இளம் வயதிலேயே மாண்டார்.

அப்போரின்போது மோனே, தாம் மணந்த கமீயுடனும் சிறு மகனுடனும் இலண்டனுக்குச் சென்று தங்கினார். அங்கே துரான்-ருயேல் என்னும் ஓவிய வணிகரின் அறிமுகம் கிடைத்தது. அவ்வணிகர் பின்னாளில் மோனேக்கும் அவருடைய நண்பர்களுக்கும் பெருந்துணையாக விளங்கினார். நாடு திரும்பிய மோனே 1871-ஆம் ஆண்டின் இறுதியில் அர்ஜான்தெயிற் குடியேறினார்.

அர்ஜான்தெயில் வாழ்ந்த ஆறு ஆண்டுகள் அவர் கலை மலர்ந்த காலம். ஒரு படகை வாங்கி, அதன்மேல் சிறு அறை அமைத்து, அதனை மிதக்கும் ஓவியக் கூடமாக ஆக்கிக்கொண்டார். 1873-இல் ஆற்றின் கிளையொன்றில் அப்படகை நிறுத்தி அவர் தீட்டியதே ‘அர்ஜான்தெயில் இலையுதிர்காலம்’ என்னும் படம். இலண்டனிலுள்ள கோர்ட்டால்டு கலைக்கூடத்தில் அது பாதுகாக்கப்பட்டு வருகிறது. அகலம் 75 சென்டிமீட்டர் அளவே உள்ள அச்சிறு படத்தைச் சற்று நின்று காண்போம்.

ஐரோப்பாவில் கோடை கழிந்ததும் கதிரவன் வானில் உயர ஏறாது தாழ்ந்தே செல்கிறது. ஒளி சாய்ந்து விழுகிறது, நிழல்கள் நீளுகின்றன, நீரின் மேல் மெல்லிய ஆவி படர்கிறது. இலைகளிற் பச்சை குன்றவே அதன் கீழ் மறைந்திருந்த மஞ்சள் வெளிப்படுகிறது. மரங்கள் ஏறத்தாழ ஒரே திங்களில் பொன்னிறமும் செம்மையும் பூண்டு, பின் வெறுங்கிளைகளாய் நிற்கின்றன. நிறத்தின் செல்வமும் அது நீங்கப்போகிறது என்னும் நினைவும் ஒருங்கே தோன்றும் பருவம் இது. கவிஞர்க்கு இது துயரின் பருவம். மோனேயின் படத்தில் அத்துயரம் கண்ணீராக வெளிப்படவில்லை. இருபுறமும் செம்பொன் நிற மரங்கள். நடுவே அகன்ற நீலநீர். தொலைவில் ஊரும், அதன் கோயிற் கூர்ங்கோபுரமும். நீரில் மரங்களின் சாயல் நடுங்காமல் நிற்கிறது. மனித உருவம் எதுவும் கண்ணைக் கவரவில்லை. படத்தின் முன் நிற்பவருக்குப் பேச்சு அடங்கிவிடும்.

இவ்வமைதி எதனால் உண்டாயிற்று? முதலாவது, நிறங்களை அடுத்து வைத்த முறையால். நீலத்தின் அருகில் செம்மஞ்சளை வைத்தால் நீலம் மேலும் நீலமாகவும், செம்மஞ்சள் மேலும் ஒளிர்வதாகவும் தோன்றும். சிவப்பும் பச்சையும், மஞ்சளும் ஊதாவும் இவ்வாறே ஒன்றையொன்று தூண்டும் இணைகள். பாரிஸிலுள்ள கொபலேன் திரைச்சீலை நெசவுச்சாலையில் சாயத்துறையை மேற்பார்த்த செவ்ரூல் என்னும் வேதியியல் அறிஞர் இவ்வுண்மையை ஆராய்ந்து 1839-இல் நூலாக வெளியிட்டார். கறுப்புச் சாயம் மங்கலாக உள்ளது என்று வந்த குறையை அவர் ஆராய்ந்தபோது, குறை சாயத்தில் இல்லை, அதனை அடுத்திருந்த நிறத்தில் உள்ளது என்று கண்டாராம். மோனே நூலைப் பயின்று படம் எழுதியவர் அல்லர் என்றே தோன்றுகிறது. கண்ணே அவருக்கு நூலாயிற்று. ஆயினும் அர்ஜான்தெயின் படம் முழுவதும் அவ்விதியின் மேலேயே நிற்கிறது. நீலமும் செம்மஞ்சளும் எதிர் எதிராக நின்றும் ஒன்றையொன்று தாங்குவதால், படம் கூச்சலிடாமல் ஒளிர்கிறது.

இரண்டாவது, தூரிகையைக் கையாண்ட முறை. நீர்ப்பரப்பில் நிறங்கள் அகன்று அமைதியாகப் பரவியுள்ளன. மரங்களிலோ சிறு சிறு தீற்றல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடர்ந்துள்ளன. எந்த இலையும் தனியே வரையப்படவில்லை. அருகிற் சென்றால் வண்ணக் குழப்பமே தெரியும். நான்கடி பின்வாங்கினால் அக்குழப்பம் காற்றில் அசையும் மரமாகிவிடும். வலப்புறத்துப் பெருமரத்தில் மோனே ஒரு புதுமை செய்துள்ளார். வண்ணம் ஈரமாக இருக்கும்போதே தூரிகையின் கைப்பிடி முனையால் அதனைக் கீறியிருக்கிறார். அக்கீற்றுகளின் வழியே அடியிலுள்ள வெளிர்நிறம் எட்டிப்பார்க்கிறது. இலைகளுக்கிடையே ஒளி புகுந்தாற்போன்ற தோற்றம் உண்டாகிறது. வண்ணத்தைச் சேர்த்தே படம் எழுதுவர். இவர் வண்ணத்தை அகற்றியும் எழுதினார்.

இத்தகைய விரைவு வேலைக்குத் துணைசெய்த எளிய கருவி ஒன்றையும் மறத்தல் ஆகாது. பழைய ஓவியர்கள் குழைத்த வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டிவைப்பர். அது எளிதில் உலர்ந்துவிடும், வெடித்தும் போகும். 1841-இல் ஜான் ராண்ட் என்னும் அமெரிக்க ஓவியர், பிதுக்கிப் பயன்படுத்தும் தகரக் குழாயைக் கண்டுபிடித்தார். வண்ணங்களைப் பையிலிட்டுக்கொண்டு வயலுக்கும் ஆற்றுக்கும் செல்வது அதன் பின்னரே எளிதாயிற்று.

1874-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் மோனேயும் நண்பர்களும் சலோனின் தயவை நாடாது தாமே ஒரு கண்காட்சியைத் திறந்தனர். அதில் மோனே வைத்த படங்களுள் ஒன்று, லெ ஆவ்ர் துறைமுகத்தின் விடியற்காலையைக் காட்டுவது. அதற்கு ‘மனப்பதிவு: கதிரவன் எழுச்சி’ என்று பெயரிட்டிருந்தார். லூயி லெருவா என்னும் இதழாசிரியர் அப்பெயரைப் பற்றிக்கொண்டு, இவர்கள் அனைவரும் மனப்பதிவுக்காரர்கள் என்று எள்ளி எழுதினார். வசையாக வந்த பெயரே பின்பு அவர்கள் பள்ளிக்கு நிலைத்த பெயராயிற்று.

பெயர் நிலைத்தது, வறுமை நீங்கவில்லை. 1878-இல் மோனே வெத்தேய் என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தார். அங்கே 1879-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் கமீ தம் 32-ஆம் வயதில் நோயால் இறந்தார். இறந்த மனைவியின் முகத்தருகே அமர்ந்திருந்த மோனே, அம்முகத்திற் சாவு படிப்படியாக ஏற்றிய நீலத்தையும் மஞ்சளையும் சாம்பல் நிறத்தையும் தம்மையறியாமலே கணக்கிட்டுக்கொண்டிருந்ததை உணர்ந்து நடுங்கினார். செக்கில் பூட்டிய மாடு போலத் தாம் தம் கண்ணுக்கு அடிமையாகிவிட்டதாகப் பிற்காலத்தில் அவர் நண்பரிடம் வருந்திக் கூறியதுண்டு. அக்கோலத்தையும் அவர் தீட்டினார். அவரைக் குறைகூறுவோர் கூறட்டும். துயரைத் தாங்க அவருக்குத் தெரிந்த வழி அஃது ஒன்றே.

1883-இல் மோனே ஜிவெர்னி என்னும் சிற்றூரை அடைந்தார். வாழ்நாளின் எஞ்சிய 43 ஆண்டுகளும் அங்கேயே கழிந்தன. படங்கள் நல்ல விலைக்குப் போகவே, 1890-இல் அவ்வீட்டைச் சொந்தமாக வாங்கினார். அவ்வாண்டின் இலையுதிர்காலத்தில் வீட்டிற்கு அண்மையிலிருந்த வயலின் கோதுமைக் கதிர்ப்போர்களைப் பல ஒளிநிலைகளில் தீட்டத் தொடங்கினார். ஒளி மாறியதும் ஒரு கித்தானை விலக்கி வேறொன்றை எடுப்பார். 1891-இல் அவற்றுள் 15 படங்கள் பாரிஸில் காட்சிக்கு வைக்கப்பட்டன. அடுத்து ஆற்றங்கரைப் பாப்லார் மரங்களைத் தீட்டிக்கொண்டிருந்தபோது, ஊர்மன்றம் அம்மரங்களை ஏலத்தில் விற்கத் துணிந்தது. மோனே மரவணிகர் ஒருவரோடு பேசித் தாமும் பணம் கொடுத்து, படம் முடியும்வரை மரங்களை வெட்டாது நிற்கச் செய்தார். அப்படங்களுள் ஒன்றில் அவர் நாடிய ஒளி ஏழு நிமிட அளவே நீடித்தது என்றும், குறிப்பிட்ட ஓர் இலையை விட்டு வெயில் நீங்கியதும் தூரிகையை வைத்துவிடுவார் என்றும் அமெரிக்க ஓவியராகிய லில்லா பெரி அம்மையார் எழுதியுள்ளார்.

ஜிவெர்னித் தோட்டம் அவரே தீட்டிய ஓவியம் எனலாம். பல தோட்டக்காரர்கள் அங்கே பணி செய்தனர். கோடையின் இறுதியில் டேலியாவும் ஆஸ்டரும் சூரியகாந்தியும் பூத்தன. நடைபாதையின் மேல் நாஸ்டர்ஷியக் கொடிகள் படர்ந்து செம்மஞ்சள் மலர்களால் வழியை மறைத்தன. 1893-இல் நிலம் வாங்கிக் குளம் அமைக்க முனைந்தபோது, அயல்நாட்டுச் செடிகள் ஆற்றுநீரை நஞ்சாக்கிவிடும் என்று ஊரார் அஞ்சி எதிர்த்தனர். அவர் விடாது முயன்று அரசின் இசைவைப் பெற்றார். குளத்தில் அல்லிகள் மிதந்தன. அதன்மேல் ஜப்பானிய முறையில் வளைந்த மரப்பாலம் ஒன்று எழுந்தது.

இன்பம் நிறைந்த அத்தோட்டத்திற்குள் துன்பம் தொடர்ந்து புகுந்தது. இரண்டாம் மனைவி அலீஸ் 1911-இலும், மூத்த மகன் ழான் 1914-இலும் இறந்தனர். இடையில் 1912-இல் மோனேயின் இரு கண்களிலும் புரை வளர்வதை மருத்துவர் கண்டறிந்தனர். நிறமே உயிராகக் கொண்டவருக்கு இதனினும் கொடிய செய்தி வேறென்ன வேண்டும்? கண்புரை வளருங்கால் கண்ணின் வில்லை மஞ்சளும் பழுப்புமாக மாறுகிறது. அது நீலஒளியை முதலில் தடுக்கும். உலகம் மங்கிய செம்பழுப்பாகத் தோன்றும். மோனே மனம் தளரவில்லை. குழாய்களின் மேலுள்ள பெயர்களைப் பார்த்தே வண்ணத்தைத் தேர்ந்தார். தட்டில் ஒவ்வொரு வண்ணத்தையும் மாறாத வரிசையில் வைத்தார்.

1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் தீட்டிய ஜப்பானியப் பாலத்தின் படங்கள் காண்பவரைத் திகைக்கச் செய்வன. முன்பு பசுமையும் நீலமுமாக அவர் தீட்டிய அதே பாலம், இப்போது துருச்சிவப்பிலும் செம்மஞ்சளிலும் கரும்பச்சையிலும் மூழ்கிக் கிடக்கிறது. பாலத்தின் வளைவை அறிந்தவரே அதனைத் தேடிக் காண இயலும். வண்ணம் கயிறு கயிறாகத் திரண்டு புடைத்துள்ளது. தீப்பற்றிய இலையுதிர்காலத் தோட்டம் போல அப்படங்கள் தோன்றுகின்றன. இந்நிறம் நோயின் விளைவா, ஓவியரின் கருத்தா என்று அறிஞர் இன்றும் வழக்காடுகின்றனர். நோய்க்கு அதில் பங்குண்டு என்பதில் ஐயமில்லை; எனினும் கையின் உறுதியையும் தீற்றலின் ஓட்டத்தையும் நோய் தந்திருக்க முடியாது. அர்ஜான்தெயின் படத்தில் அடங்கி ஒளிர்ந்த செம்மஞ்சள் இங்கே கட்டுமீறிப் பாய்கிறது. முன்னதில் பருவத்தின் அமைதி; பின்னதில் இருளை எதிர்த்து நிற்கும் முதியவரின் சீற்றம். நிறம் ஏறக்குறைய ஒன்றே, உணர்வு வேறு.

முதல் உலகப் போர் 1918-ஆம் ஆண்டு நவம்பர் 11-ஆம் நாள் ஓய்ந்தது. மறுநாளே மோனே, தம் நண்பரும் தலைமை அமைச்சருமாகிய கிளமான்சோவுக்கு எழுதி, வெற்றியின் நினைவாக இரண்டு பெரும் படங்களை நாட்டிற்கு வழங்க முன்வந்தார். இரண்டு என்று தொடங்கிய கொடை வளர்ந்துகொண்டே சென்றது. அதனை முடிக்கக் கண் வேண்டுமே! அறுவை மருத்துவத்திற்கு அஞ்சி ஒதுங்கியிருந்த அவரைக் கிளமான்சோ வற்புறுத்தி இணங்கச் செய்தார். 1923-இல் கூத்தெலா என்னும் மருத்துவர் வலக்கண்ணில் அறுவை செய்தார். புரை நீங்கியதும் உலகம் அளவுக்கு மீறிய நீலமாகத் தோன்றிற்று. மோனே வெகுண்டார், மருத்துவரை நொந்தார், சில படங்களை அழித்தார். நிறமேற்றிய கண்ணாடிகளை ஒன்றன்பின் ஒன்றாக அணிந்து பார்த்து, ஓரளவு பார்வை சீரானதும் மீண்டும் தூரிகையைக் கையிலெடுத்தார்.

கொடைப் படங்களைத் தம் கையை விட்டு அனுப்ப அவருக்கு இறுதிவரை மனம் வரவில்லை. ஒவ்வொரு நாளும் ஏதோ ஒன்றைத் திருத்திக்கொண்டே இருந்தார். 1926-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 5-ஆம் நாள், 86-ஆம் வயதில், ஜிவெர்னியில் அவர் உயிர் பிரிந்தது. தோட்டத்தில் அப்போது இலைகள் உதிர்ந்து முடிந்திருந்தன. அதன் பின்னரே படங்கள் பாரிஸிலுள்ள ஒராஞ்செரி மாளிகைக்குச் சென்றன. 1927-ஆம் ஆண்டு மே 17-ஆம் நாள் முட்டை வடிவான இரு கூடங்கள் மக்களுக்காகத் திறக்கப்பட்டன. இரண்டு மீட்டர் உயரமுள்ள 22 கித்தான்களில், அவர் வளர்த்த அல்லிக்குளம் விடியல் முதல் அந்திவரை அச்சுவர்களைச் சுற்றிப் பரந்து கிடக்கிறது.